மே மாதத்தில் குற்றாலமா? கோடை விடுமுறைக் கேள்வி – பதில்

சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது பற்றியும், போன இடத்தில் எல்லோருமாகச் சேர்ந்து ஊர் சுற்றுவது பற்றியும் வாசகர்களின் கேள்விகளைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தெற்கே போகிறவர்களுடையவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

மே 10 முதல் 20 வரை தென்காசியில் அக்கா வீட்டில் தங்கப் போகிறோம். பிள்ளைகள் இப்போதே குற்றாலம், குற்றாலம் என்று குதிக்கிறார்கள். அருவியில் தண்ணீர் விழுமா?
– தாம்பரம் வாசகி

விழும் என்று நம்பித் துண்டோடு கிளம்பாதீர்கள். குற்றாலத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தென்மேற்குப் பருவமழை. கேரளத்தில் அது ஜூன் 1-ஐ ஒட்டித்தான் தொடங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்த பிறகுதான் தென்காசிக்காரர்கள் 'சீசன்' என்று சொல்வார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அதற்கான மாதங்கள். மே நடுவில் பேரருவியில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். ஓரத்தில் நூலாக ஒழுகுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு கூட்டம் வரிசையில் நிற்கும். பள்ளிக்கூட லீவும் சீசனும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை, என்ன செய்ய!

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மே மாதத்தில் அருவி முழுதும் காய்ந்து கிடக்கும் என்றும் சொல்ல முடியாது. மலை மேல் கோடைமழை கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டுபோனது; அவன் பிழைக்கவில்லை. தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறுவது, சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுவது, இரைச்சல் திடீரென்று கனப்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பு, சோப்புப் பெட்டி எதையும் தேடாமல் பக்கவாட்டில் மேடேறிவிட வேண்டும். தண்ணீர் போகும் திசையிலேயே ஓடக்கூடாது. சோப்பு என்றதும் இன்னொன்று: குற்றால அருவிகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கும் சோப்பு, ஷாம்பு போடுவதற்கும் நீதிமன்றத் தடை இருக்கிறது. எண்ணெய்க் குளியலை அக்கா வீட்டுக் கொல்லையில் முடித்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் குளிக்க வேண்டுமென்றால் பாபநாசம் அகஸ்தியர் அருவி நல்லது. தென்காசியிலிருந்து கடையம் வழியாக 40 கிலோமீட்டர் அளவில் வரும். பாபநாசம் அணைப் பக்கத்துத் தண்ணீர் வருவதால் கோடையிலும் அங்கே ஓரளவுக்கு விழும். களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம் அது. வனத்துறை சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பையும் மதுவும் உள்ளே போகாது. கணக்கெடுப்பு, காட்டுத்தீ, வெள்ளம் என்று எதற்காகவாவது ஓரிரு நாள் மூடியும் வைப்பார்கள். ஆகவே முதல் நாள் மாலையே விக்கிரமசிங்கபுரம் பக்கத்து ஆள் யாரிடமாவது போனில் கேட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருப்பது போலக் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும், கூட்டமும் சேரும்.

அதே தென்காசிக்கு ரயில் டிக்கெட். 68 வயது அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் போதுமா?
– அம்பத்தூர் வாசகர்

அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்காததற்குக் காரணம் நீங்கள்தான்! வீட்டில் எல்லோருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டிருப்பீர்கள். 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு தனியாக உண்டு. ஆனால், அப்படிப்பட்டவர் ஒருவராகவோ இருவராகவோ தனி டிக்கெட்டில் இருந்தால்தான் அது பொருந்தும். இளையவர் ஒருவர் பெயரைச் சேர்த்துவிட்டால் ஒதுக்கீடு போய்விடும். அம்மாவுக்கு (அப்பாவும் வந்தால் இருவருக்கும்) தனி டிக்கெட்டாக, அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். பெட்டி வேறாக வந்தால் உங்களில் ஒருவர் அந்தப் பெட்டிக்காரரோடு இடம் மாற்றிக்கொள்ளலாம். கீழ் பெர்த்தை விட்டுக்கொடுக்க ஆள் தேடுவதைவிட அது சுலபம்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு அரைக் கட்டணம் கட்டினால் பயணம் செய்யலாம், பெர்த் கிடையாது. பெர்த் வேண்டுமானால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. இரவுப் பயணத்தில் அரை டிக்கெட் எடுத்துவிட்டு ஏழு வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் படுப்பவருக்கு மறுநாள் இடுப்பு அதன் பாட்டுக்கு வலிக்கும். அந்தச் சேமிப்பு வேண்டாம்.

முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பரில். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். மே 10 பயணத்துக்கு மார்ச் 11 காலை எட்டு மணிக்குத் திறக்கும். போவதற்கு முன்னால் திரும்பும் டிக்கெட்டை யோசியுங்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய சனி, ஞாயிறு ரயில்கள்தான் முதலில் நிரம்பும். இரண்டு நாள் முன்பாகத் திரும்பினால் கிடைக்கும். தென்காசிக்குப் போகும் பொதிகை ரயில் நிரம்பிவிட்டால் பகலில் மதுரை வரை ரயிலில் போய், அங்கிருந்து ராஜபாளையம் வழியாகப் பேருந்தில் தென்காசி போய்விடலாம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லோரும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறக்கூடாது. ஆர்.ஏ.சி. (உட்கார இடம் மட்டும் உறுதி) என்றால் ஏறலாம்.

கட்டுச்சோறு எடுத்துப்போனால் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது, இட்லி கொழகொழவென்று ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?
– ஈரோடு வாசகி, திருவள்ளூர் வாசகி

ஒரே தப்புதான்: சூட்டோடு மூடுவது. மூடிக்குள் ஆவி தண்ணீராகி மறுபடி சோற்றின் மேல் சொட்டும். ஈரமும் மே மாத வெப்பமும் சேர்ந்தால் எதுவும் தாங்காது. எதைக் கட்டுவதானாலும் அகலத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே பாத்திரத்தில் போடுங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் சமையல் நான்கு மணிக்கு முடிய வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

தயிர்சாதத்தைத் தயிரில் பிசையக்கூடாது, பாலில் பிசைய வேண்டும். ஆறு பேருக்குப் பச்சரிசி 400 கிராம் போதும். ஒன்றுக்கு நான்கு தண்ணீர் வைத்துக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, வெதுவெதுப்பாக ஆனதும் காய்ச்சி ஆறிய பால் முக்கால் லிட்டர் ஊற்றி, தயிர் இரண்டே மேஜைக்கரண்டி சேருங்கள். உறை ஊற்றும் அளவுதான். கோடையில் ஐந்து ஆறு மணி நேரத்தில் அது தானாகத் தயிராகிவிடும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடக் காலை ஏழு மணிக்கும், இரவு ரயிலில் எட்டரைக்குச் சாப்பிட மதியம் மூன்று மணிக்கும் கலக்க வேண்டும். பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது உறை ஊற்றினால் உறையாது, திரிந்தது போல ஆகும். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய்த் தாளிப்பை ஆறவைத்துச் சேருங்கள். வெங்காயம் வேண்டவே வேண்டாம். வெள்ளரிக்காய் நீர் விடும். மாங்காய்ப் பொடி நறுக்கல் தாங்கும். மாதுளை, திராட்சையைத் தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது தூவிக்கொள்ளுங்கள்.

புளியோதரை நாள் முழுக்கத் தாங்கும். ஆனால் புளிக்காய்ச்சலில் தண்ணீர் மிச்சமிருக்கக் கூடாது. ஒரு கிலோ அரிசிக்குப் புளி 150 கிராம், நல்லெண்ணெய் 250 மில்லி, நிலக்கடலை 100 கிராம், வரமிளகாய் 20. சிறு தீயில் வைத்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை கொதிக்க வேண்டும். பலர் எண்ணெய்க்குப் பயந்து பாதியிலேயே இறக்கிவிடுவதால்தான் மாலைக்குள் வாடை வருகிறது. சோற்றை உதிரியாக வடித்துத் தட்டில் கொட்டி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்த பிறகு கிளறுங்கள். அதை அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள். புளியும் உப்பும் சேர்ந்து தாளை அரித்துப் பொத்தல் போடும். தணலில் வாட்டிய வாழை இலையும் எவர்சில்வர் தூக்கும்தான் சரி. வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும்.

இட்லிக்கு ஆள் ஒன்றுக்கு ஐந்து, பிள்ளைக்கு மூன்று என்று கணக்கு வையுங்கள். 20 இட்லிக்கு மிளகாய்ப்பொடி ஆறு மேஜைக்கரண்டி, நல்லெண்ணெய் 100 மில்லி. இட்லி ஆறிய பிறகு, இரண்டு பக்கமும் தடவி, ஒற்றை அடுக்காக அடுக்கி, நடுவில் இலை போட்டு அடுத்த அடுக்கை வையுங்கள். தேங்காய்ச் சட்னி மூன்று மணி நேரம் தாண்டாது. தக்காளித் தொக்கு கொண்டுபோங்கள்.

தண்ணீர், வெயிலில் சுற்றுகிற நாளில் பெரியவருக்கு மூன்று லிட்டர். உப்பு – சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு பையில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். தம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவினால் உப்பின் அளவு தப்பிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும்.

எங்கள் வீடு, மச்சான் வீடு, சித்தப்பா வீடு சேர்த்துப் பெரியவர்கள் 13, பிள்ளைகள் 5. வேன் பேசும்போது என்னென்ன கேட்க வேண்டும்?
– விருதுநகர் வாசகர்

பிள்ளைகளையும் சேர்த்து 18 தலை. 17 சீட் வேனில் 'மடியில் வைத்துக்கொள்ளலாம்' என்று ஓட்டுநர் சொல்வார். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் எண்ணுவது தலையைத்தான். 21 சீட் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு வேனும் ஒரு காரும்.

மஞ்சள் போர்டு வண்டியா என்று பாருங்கள். தெரிந்தவர், மலிவு என்று சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு எடுத்தால், வழியில் மடக்கினால் அபராதம், விபத்தானால் இழப்பீட்டுத் தகராறு. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகளை வண்டி எண் போட்டே போனில் பார்த்துவிடலாம். தெற்கே போகிறவர்கள் திற்பரப்பு பார்த்துவிட்டு அப்படியே திருவனந்தபுரம் என்று கடைசி நேரத்தில் சொல்வார்கள். கேரள பெர்மிட்டுக்கு முன்பே பணம் கட்டியிருக்க வேண்டும். களியக்காவிளையில் நின்றுகொண்டு பேசக்கூடாது.

வாடகைப் பேச்சில் சண்டை வருவது கிலோமீட்டர் ரேட்டில் அல்ல. கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படுகிறது? பெரும்பாலும் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு; வண்டி உங்கள் வீட்டுக்கு வரும் தூரமும் உங்கள் கணக்கு. ஒரு நாளுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எத்தனை? சும்மா நின்ற நாளுக்கும் அது உண்டு. நாள் என்பது 24 மணி நேரமா, இரவு 12 முதல் 12 வரையா? பின்னது என்றால், இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும். டோல், பார்க்கிங், பேட்டா, மலைக்குத் தனிக் கட்டணம் இவை யாருடையவை, மலையேறும்போது ஏ.சி. ஓடுமா என்பதையெல்லாம் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கிளம்பும்போது மீட்டரைப் படம் எடுத்துவையுங்கள்.

ஓட்டுநருக்குத் தூக்கம்! இரவெல்லாம் ஓட்டவைத்து விடிந்ததும் சூரிய உதயம், அருவி, கோயில் என்று அலையவிடுவதுதான் நம் ஊர்க் குடும்ப வேன்களின் பெரிய தவறு. எட்டு மணி நேரம்தான் ஒரு நாள் வேலை என்கிறது மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். இரவு ஓட்டினால் காலையில் அவருக்கு ஓர் அறையும் ஐந்து மணி நேரமும் கொடுங்கள். நீங்களும் அந்த நேரத்தில் சொந்தக்காரர் வீட்டில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

கொடைக்கானலுக்கு இ-பாஸ் இன்னும் உண்டா? என் தங்கைக்கு மலையேறினாலே வாந்தி.
– திருச்சி வாசகி

உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கும் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கு 4,000, 6,000. பாஸ் இலவசம், வண்டிக்கு ஒன்று. பணம் கேட்டால் அது தரகர். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொடைக்குக் கொண்டுபோனால் அதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும், எவர்சில்வர் பாட்டில் போதும்.

வாந்தி வருவது வயிற்றால் அல்ல. காது 'ஆடுகிறது' என்கிறது, கண் 'ஆடவில்லை' என்கிறது, மூளை குழம்புகிறது. தங்கையை முன் இருக்கையில் உட்காரவைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போன் பார்க்கக் கூடாது. வெறும் வயிறும் கூடாது. வத்தலக்குண்டில் இரண்டு இட்லி, அதோடு நிறுத்துங்கள். மாத்திரை என்றால் மலையடிவாரத்தில் போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக. பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் எதுவும் வேண்டாம். இறங்கும்போது வண்டி ஓட்டுபவர் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் போட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எதிரே ஏறிவரும் வண்டிக்குத்தான் முதலில் வழி.

எட்டு வயது, பதினோரு வயதுப் பிள்ளைகளை ஒரு மாதம் ராஜபாளையம் பக்கத்துக் கிராமத்தில் ஆச்சி தாத்தாவிடம் விடுகிறோம். நாங்கள் கடைசி வாரம்தான் போவோம். என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?
– பெங்களூரு வாசகி

பிள்ளைகளிடம் சொல்வது இருக்கட்டும், தாத்தாவிடம் மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: தண்ணீர், நாய், இரவுப் படுக்கை.

நகரத்துப் பிள்ளைக்கு நீச்சல் குளம் தெரியும், கிணறும் கண்மாயும் தெரியாது. நீச்சல் குளத்தில் தரை சீராக இறங்கும். கண்மாயில் மே மாதத்துத் தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரியும். ஆனால் வண்டல் மண் எடுத்த பள்ளம் சுவர் போலச் செங்குத்தாக இறங்கும், அடியில் சேறு காலைப் பிடிக்கும். ஆற்றில் மணல் அள்ளிய குழியும் கசமும் (ஆழமான மடு) அதே மாதிரி. அதனால் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் அல்ல, தண்ணீருக்குள் இருந்தால் மட்டுமே இறங்கலாம் என்பது சட்டம். பம்ப்செட் தொட்டியில் ஆசைதீரக் குதிக்கட்டும். தண்ணீர் மார்பளவுக்கு மேல் வேண்டாம். கிணற்றில் குளிக்கும்போது மோட்டாரை மெயினில் அணைத்துவிட வேண்டும். பழைய கேபிளில் கசியும் மின்சாரம் தண்ணீரில் ஆளை அடிக்கும். யாராவது மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. கயிறு, வேட்டி, சேலை, டியூப், மூடிய காலித் தண்ணீர் கேன் எது கிடைத்தாலும் வீசுங்கள் என்பதைப் பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஒருமுறை செய்தே காட்டுங்கள்.

நாய் கடித்தாலும், நகத்தால் பிராண்டினாலும், 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பக்கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போனால் ஊசி இலவசம். முதல் நாள், 3, 7, 28-ஆவது நாள் என்று போடுவார்கள். லீவு முடிந்து பெங்களூரு திரும்பும் நாள் 28-க்கு முன்னால் வந்தால், அட்டையைக் கையோடு கொண்டுவந்து அங்கே முடிக்க வேண்டும். விட்டுப்போவது எப்போதும் இந்தக் கடைசி ஊசிதான். ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். சுகாதார நிலையத்தில் இல்லாவிட்டால் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், தயங்காமல் போகச் சொல்லுங்கள்.

தரையில் பாய் விரித்துப் படுப்பது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். கடித்த வலியே தெரியாது. விடியற்காலையில் 'வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை' என்று பிள்ளை சொன்னால் சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எல்லாம் நேர விரயம். கட்டிலும், பாய்க்கு அடியில் செருகிய கொசுவலையும் இருந்தால் இந்தப் பயமே பெருமளவு போய்விடும். மொட்டைமாடியில் படுத்தால் கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் பாருங்கள். பிள்ளையின் மார்புக்கு மேல் இருக்க வேண்டும். தளம் குளிர வெயில் இறங்கிய பின் ஆறரை மணிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு மணிக்கே ஊற்றினால் ஆவி எழுந்து புழுக்கம்தான் மிஞ்சும்.

காய்ச்சல் மருந்து கொடுத்தனுப்பும்போது பிள்ளையின் எடையையும், எத்தனை மில்லி என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்கிப் பாட்டிலில் ஒட்டுங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் ஒன்றும், 250 மில்லிகிராம் இன்னொன்றுமாக வருகிறது. ஊர் மருந்துக்கடையில் மற்றதை வாங்கி அதே மூடி அளவில் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும்.

முதல் மூன்று நாள் இரவில் அழுவார்கள். நான்காவது நாள் போன் பண்ணினால் எடுக்கவே மாட்டார்கள்.

நாகர்கோவில் அத்தை வீட்டிலிருந்து ஒரே நாளில் கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப் பாலம் பார்க்க முடியுமா?
– கோவை வாசகர்

திங்கள்கிழமை தவிர முடியும். திங்களன்று அரண்மனை மூடியிருக்கும். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அது கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. நம் ஊர் விடுமுறைக் கணக்கு அங்கே செல்லாது.

அதிகாலையில் கன்னியாகுமரி. உதயம் பார்த்துவிட்டு ஏழு மணிக்கே படகு வரிசையில் நின்றுவிடுங்கள். எட்டு மணிக்குப் படகு தொடங்கும். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 முதல் இருப்பதால், முன்பு போல நீர்மட்டம் குறைந்தால் சிலைக்குப் படகு கிடையாது என்ற ஏமாற்றம் இல்லை. பாறையில் இறங்கி நடந்தே போய்விடலாம். பத்தரைக்குள் கரைக்கு வந்து தக்கலைப் பக்கம் கிளம்பினால், அரண்மனையை மதிய இடைவேளைக்கு முன்பு பார்த்துவிடலாம். உள்ளே செருப்பு இல்லாமல்தான் நடக்க வேண்டும். படிகள் செங்குத்து, நிலைகள் தாழ்வு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத்தூர் மாலை நாலரைக்கு. தொட்டிப் பாலத்தின் மேல் நடைபாதை குறுகல், கீழே நூறடிக்கு மேல் பள்ளம்; கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செல்ஃபி வேண்டாம். அஸ்தமனத்துக்காகக் கன்னியாகுமரிக்குத் திரும்பி ஓடாதீர்கள்: மே மாதத்தில் சூரியன் வடக்கே தள்ளி இறங்குவதால் முனையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் விழாது.

கடலில் இறங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். குமரிக் கரையில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. தூரத்தில், தெற்கே எங்கோ பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நல்ல வெயில் நாளில் திருடனைப் போல வந்து கரையேறும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படித்தான். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் 'இன்காய்ஸ்' முன்னெச்சரிக்கை விடும். அன்றைய செய்தியில் அந்தச் சொல்லைக் கேட்டால் கால் நனைக்கக்கூடப் போகாதீர்கள்.

நாங்கள் நான்கு பேர் ஒன்பது நாள் அண்ணன் வீட்டில் இருப்போம். செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஆனால் மதினி மனம் கோணக்கூடாது.
– பெயர், ஊர் வேண்டாம் என்கிறார் வாசகி

காசாகக் கொடுக்காதீர்கள், அதில்தான் கோணல். பொருளாகக் கொடுங்கள், அதுவும் இரண்டாம் நாள் காலையே. இட்லி மாவையும் சேர்த்து நான்கு பேருக்கு ஒன்பது நாளைக்கு அரிசி பத்துப் பன்னிரண்டு கிலோ, பால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதல், எண்ணெய் இரண்டு லிட்டர். அண்ணனோடு கடைக்குப் போய் இதை வாங்கிப் போட்டுவிட்டால் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. எல்லோரும் மறப்பது சிலிண்டர். 45 நாள் வருகிற 14.2 கிலோ சிலிண்டர், உங்களையும் சேர்த்து எட்டுப் பேருக்கு வெந்நீரும் பலகாரமும் சேர்ந்தால் மூன்று வாரத்தில் தீரும். அடுத்த சிலிண்டரைப் பதிந்து பணத்தையும் நீங்களே ஆன்லைனில் கட்டிவிடுங்கள். மீன், கறி வாங்கும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணக்கு.

தண்ணீர்த் தொட்டி 500 லிட்டர் என்றால் எட்டுப் பேருக்குக் காலையிலேயே காலி. மோட்டார் இரண்டு முறை போட வேண்டும் என்பதை உங்கள் வீட்டுக்காரர் பொறுப்பாக்குங்கள். கக்கூஸ் ஒன்றுதான் என்றால் ஆபீஸ் போகிற அண்ணனுக்கு முதல் இடம். மூன்று நாளுக்கு ஒருமுறை காலைப் பலகாரம் கடையிலிருந்து வரட்டும். அன்று மதினியும் ஊர் சுற்ற வருகிறாள் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். ஊர் சுற்றப் போகிற அன்றைக்கெல்லாம் மதினி ஐந்து மணிக்கு எழுந்து கட்டுச்சோறு கட்டிவிட்டு, வீட்டில் இருந்துவிடுகிற கதைதான் பல வீட்டில் நடக்கிறது.

மற்ற சொந்தங்கள் சாப்பிடக் கூப்பிடுவார்கள். 'காபி மட்டும்' என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்தால்தான் அது காபியோடு நிற்கும். ஓராண்டுக்குள் துக்கம் நடந்த வீடு இருந்தால், சுற்றுலாவுக்கு முன்னால் அங்கே போய்விடுங்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரோம்' என்று சொல்லாமல் எழுந்து வருவது வழக்கம்.

திரும்பும்போது வாங்கிவரும் பலகாரங்கள் சென்னை வந்து சேர்வதற்குள் வீணாகின்றன.
– பல்லாவரம் வாசகி

வரிசையைப் பொறுத்தது. சாத்தூர் சேவும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் எப்போது வாங்கினாலும் தாங்கும். திருநெல்வேலி அல்வா நெய் மிதப்பதால் வாரக்கணக்கில் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாலும் சர்க்கரையும்தான். வெளியில் மூன்று நாள், அதற்கு மேல் ஃபிரிட்ஜ். கடைசி நாள் வாங்குங்கள். இலையில் மடித்தது அன்றைக்கே தின்ன, டப்பாவில் அடைத்தது ஊருக்கு.

தூத்துக்குடி மக்ரூன் நமுத்துப்போவது வெள்ளைக்கருவாலும் சர்க்கரையாலும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடையில் தரும் காகிதப் பையோடு வைக்காமல், வாங்கிய உடனே எவர்சில்வர் டப்பாவில் அழுத்தாமல் அடுக்கி இறுக மூடுங்கள். முட்டை சாப்பிடாத மாமிக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதில் முட்டை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.